நிமாய் தாவுக்கு நன்றி சொல்லப் போனேன்

"எதுக்கு நன்றி, திதிமணி?" என்று நிமாய் தா கேட்டார்.

சாந்த்ராகாச்சி ரயில் யார்டுக்குப் பின்னால் உள்ள ஒரு சந்தில், அவர் வீட்டு முன்னறையில், பிளாஸ்டிக் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தேன். மழை விட்டு விட்டுப் பெய்துகொண்டிருந்தது. உள்ளே கடுகெண்ணெயில் மீன் பொரிகிற வாசம். யார்டில் பெட்டிகள் ஒன்றோடொன்று முட்டும்போதெல்லாம் ஜன்னல் கம்பி அதிர்ந்தது. என் மடியில் ஒரு மக்ரூன் டப்பா, தூத்துக்குடியிலிருந்து தம்பி அனுப்பியது. அதை எப்போது நீட்டுவது என்று தெரியாமல் மூடியைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தேன்.

நிமாய் தா எங்கள் பள்ளியில் வேதியியல் லேப் உதவியாளராக இருந்தவர். 'தா' என்றால் அண்ணன். அவர் என்னைத் 'திதிமணி' என்பார். டீச்சரம்மாவை இங்கே அப்படித்தான் கூப்பிடுவார்கள். ஆறு வருடம் கழித்து அன்றுதான் அவரைப் பார்க்கிறேன்.

ஹவுரா வரை பஸ்ஸிலும் பிறகு லோக்கல் ரயிலிலும் வந்த வழியெல்லாம் ஒரு பெங்காலி வாக்கியத்தை மனதுக்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்திருந்தேன். அதைச் சொன்னேன்.

"அன்னிக்கு என் தப்பை உங்க தப்புன்னு ஏத்துக்கிட்டீங்களே, அதுக்கு."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். துடைக்கவில்லை, கையிலேயே வைத்துக்கொண்டார்.

"உங்க தப்பா?" என்றார்.

இரண்டே சொல். நான் ஆறு வருடமாகக் கட்டி வைத்திருந்த ஒன்று அதில் சரிந்து போயிற்று. என்னவென்று சொல்ல வேண்டுமானால் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

ஆளுக்கு மூன்று

பாலிகஞ்சில் நாங்கள் வீடு தேடி அலைந்ததை இந்தத் தொடரில் போன வாரம் எழுதியிருந்தேன். அந்த வீட்டுக்குக் குடிபோன முதல் நாளே என் கணவர் செல்வின் ஒரு வழக்கத்தைத் தொடங்கினார். சாயங்காலம் விளக்குப் போட்டதும் குடும்ப ஜெபம். ஒரு பாட்டு, ஒரு வாசிப்பு, பிறகு ஆளுக்கு மூன்று காரியத்துக்கு ஸ்தோத்திரம், அதாவது கடவுளுக்கு நன்றி, சொல்ல வேண்டும். 'சுகம் பெலன் தந்தீரே' என்று பொதுவாகச் சொல்லித் தப்பிக்க முடியாது. அன்றைக்கு நடந்ததாக இருக்க வேண்டும்.

செல்வினுக்கு அது தானாக வரும். மினி பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தது, கரியாஹாட் மீன் கடையில் சாளை இருந்தது, முழங்கால் வலி குறைந்தது. மகள் ரெனிக்கு அப்போது ஒன்பது வயது. "இன்னிக்கு கணக்கு மிஸ் ஆஷேனி, ஸ்தோத்திரம்" என்பாள். ஆஷேனி என்றால் வரவில்லை. பாதித் தமிழ், பாதிப் பெங்காலி, முழு சந்தோஷம்.

எனக்கு வராது. எனக்கு உட்காரவே வராது. முழங்கால் போட்டிருக்கும்போதும் கால் பெருவிரல் ஆடிக்கொண்டிருக்கும். குக்கர் எத்தனை விசில் என்று காது எண்ணிக்கொண்டிருக்கும். என் முறை வந்தால் மூன்றையும் மளமளவென்று ஒப்பித்துவிட்டு எழுந்துவிடுவேன்.

என் அம்மா இதில் எனக்கு மேல். தினமும் நூறு ஸ்தோத்திரம் சொல்வாள், விரல் கணுக்களில் எண்ணிக்கொண்டு. நடுவில், "ஏட்டி, அடுப்பைக் குறை" என்று குரல் கொடுப்பாள். எண்ணிக்கை தவறாது. ஆனால் அம்மா எதற்கெல்லாம் நன்றி உள்ளவளாக இருந்தாள் என்று கேட்டால் இன்றும் எனக்குச் சொல்லத் தெரியாது.

இன்னொன்றும் உண்டு. கடவுளிடம் நாளுக்கு இருபது முறை ஸ்தோத்திரம் சொல்கிற நாங்கள் மனிதரிடம் நன்றி சொல்வதில்லை. செல்வின் காபி போட்டுத் தந்து நான் நன்றி சொன்னால், "உடம்பு சரியில்லையா?" என்று கேட்பார். வங்காளிகளும் அப்படியே. ஒரு காய்ச்சலின்போது எதிர்வீட்டுக் காக்கிமா, அதாவது சித்தி, மூன்று நாள் சோறு கொண்டுவந்து தந்தார். நான் 'தன்யபாத்' என்றதும் அவர் முகம் சுருங்கிப் போயிற்று. "நான் என்ன வெளியாளா?" என்றார். அதிலிருந்து அந்த வார்த்தையை நான் யாரிடமும் எடுப்பதில்லை. எனக்கு அது வசதியாகவும் இருந்தது.

ஜன்னல் பக்கத்துத் தட்டு

அது ஒரு வெள்ளிக்கிழமை. பதினோராம் வகுப்புக்குச் செய்முறை. முதல் பிரிவுக்கு நான் செய்து காட்டிவிட்டு அடர் அமில பாட்டிலை மூடிக் கையில் வைத்திருந்தேன். அதைப் பூட்டுகிற அலமாரியில் வைக்க வேண்டும். அந்த நேரம் போன் அடித்தது. ரெனிக்குப் பள்ளியில் வாந்தி, வந்து கூட்டிப் போங்கள் என்றார்கள்.

பேசிக்கொண்டே நடந்தேன். நடந்துகொண்டே பாட்டிலை வைத்தேன். பிள்ளைகள் எடுக்கிற நீர்த்த அமிலங்களின் வரிசையில், ஜன்னல் பக்கத்து இரண்டாவது தட்டில். என் கை அதை வைத்தது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. கண்ணாடி பலகையில் 'டொக்' என்று இறங்கிய சத்தம்கூட.

அடுத்த பிரிவில் பரோமிதா என்ற பெண் அந்தப் பாட்டிலை எடுத்தாள். இடது முன்கையில் கொட்டிக்கொண்டாள். அவள் அலறியபோது நான் ரெனியைக் கூட்டிவர மாடிப்படி இறங்கிக்கொண்டிருந்தேன்.

திங்கள்கிழமை காலை பிரின்சிபால் அறையில் விசாரணை. "பாட்டில் அங்கே எப்படி வந்தது?" என்று கேட்டார். எனக்குப் பக்கத்தில் நின்ற நிமாய் தா, "நான்தான் மேடம், நான்தான் மாத்தி வச்சிருப்பேன்" என்றார். சொல்லிவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தார்.

நான் பேசவில்லை.

அவர் ஒப்பந்த ஊழியர். அன்று மதியமே அவரை அனுப்பிவிட்டார்கள். பரோமிதாவின் கை ஆறியது, தழும்பு நின்றுவிட்டது.

அவர் என்னைப் பார்த்த அந்தப் பார்வையை நான் எனக்கு வேண்டியபடி படித்துக்கொண்டேன். 'நீங்கள் பேசாமல் இருங்கள், நான் பார்த்துக்கொள்கிறேன்' என்று அதற்குப் பொருள் வைத்துக்கொண்டேன். அவர் மகளுக்குத் தேர்வு நேரத்தில் எங்கள் வீட்டில் வைத்துப் பாடம் சொல்லிக்கொடுத்திருந்தேன். அந்த நன்றிக்காக மனிதர் என் பழியைச் சுமந்துவிட்டார் என்று முடிவு செய்தேன்.

சாயங்காலம் செல்வினிடம் சொன்னேன். "போய் உண்மையச் சொல்லணும்லா?" என்றார்.

"அவரே வேண்டாம்னு கண்ணைக் காட்டுனாருங்க."

அவர் அதற்கு மேல் கேட்கவில்லை. விளக்குப் போட்டோம், பாடினோம். என் முறை வந்தபோது, "பெரிய ஆபத்துக்குத் தப்புவித்தீரே, ஸ்தோத்திரம்" என்றேன். என் வாழ்நாளில் நான் மனதாரச் சொன்ன முதல் ஸ்தோத்திரம் அதுதான். எழுதவே கூசுகிறது. ஆனால் அதுதான் உண்மை.

சபையில் சொன்ன கதை

பிறகு அது கதையாகிவிட்டது. எங்கள் தமிழ்ச் சபையில் பெண்கள் கூட்டம் ஒன்றில், கடவுள் எனக்குச் செய்த நன்மையைச் சாட்சியாகச் சொல்லச் சொன்னார்கள். பெயர், இடம் சொல்லாமல் சொன்னேன். என் தவறு ஒன்றை ஒருவர் தன்மேல் போட்டுக்கொண்டார், வாய் திறந்து ஒரு வார்த்தை முறையிடவில்லை என்றேன். முன்வரிசையில் இரண்டு பேர் முந்தானையால் கண்ணைத் துடைத்தார்கள். யாரை நினைத்து அழுதார்கள் என்று, சுவரில் சிலுவை தொங்குகிற இடத்தில், சொல்ல வேண்டியதில்லை. நானும் அழுதேன்.

நல்ல கதை. இன்னும் இரண்டு கூட்டங்களில் சொன்னேன்.

ஆனாலும் லேபில் ஜன்னல் பக்கம் போக மாட்டேன். பரோமிதா பன்னிரண்டாம் வகுப்பு முடிக்கும்வரை அவள் மேசைக்கு மட்டும் கடைசியாகப் போவேன். வருடங்கள் போகப் போகக் கால் பெருவிரல் ஆடுவது நிற்கவில்லை, அதிகமாயிற்று.

இரண்டு வருடத்துக்கு முந்தைய மழைக்காலத்தில் எங்கள் சபைக்கு ஒரு புதிய பாஸ்டர் வந்தார். முப்பது வயதுகூட இருக்காது. ஸ்தோத்திரப் பண்டிகை நெருங்கியது. அவர் பிரசங்கத்தை நடுவில் நிறுத்திவிட்டுச் சொன்னார்: "இந்த வருஷம் காணிக்கைக் கவர் கொண்டுவர்றது ஒரு பக்கம் இருக்கட்டும். உங்களுக்கு நல்லது செஞ்ச ஒரு மனுஷரைத் தேடிப் போங்க. முகத்தைப் பார்த்து நன்றி சொல்லுங்க. சொல்லிட்டு வந்து இங்க பேரைச் சொல்லுங்க."

வீட்டுக்கு வரும் வழியில் ரெனி, "மம்மி, நீ நிமாய் காகு வீட்டுக்குத்தானே போவே?" என்றாள். காகு என்றால் சித்தப்பா. பதினைந்து வயதாகிவிட்டது அவளுக்கு. என் கதையைக் கேட்டு வளர்ந்தவள்.

அந்த வாரம் முழுக்க நான் அலமாரிகளை அடுக்கினேன். திரைச்சீலைகளைத் துவைத்தேன். அடுக்கிய அலமாரியைக் கலைத்து மறுபடி அடுக்கினேன். கடைசியில் சனிக்கிழமை காலை செல்வின் சொன்னார், "சுகிர்தா, போய்ட்டு வந்துரு. நீ நடக்க நடக்க எனக்குத் தல சுத்துது."

மூன்று முறை படிக்கிறவர்

"உங்க தப்பா?" என்று கேட்ட நிமாய் தா, லேப்காரராகவே அடுத்த கேள்வியைக் கேட்டார்.

"எந்தத் தட்டுல வச்சீங்க?"

"ரெண்டாவது. ஜன்னல் பக்கம்."

"லேபிள் வெளிப்பக்கமா, சுவர்ப்பக்கமா?"

"சுவர்ப்பக்கம்."

அவர் மெதுவாகத் தலையை ஆட்டினார். "அன்னிக்குக் காலையில பாட்டில் எல்லாத்தையும் நான்தான் நிரப்பி அடுக்கினேன். வீட்ல இவளுக்கு உடம்பு சரியில்லை, அவசரம். லேபிள் சுவர்ப்பக்கம் இருந்துச்சுன்னு சொன்னாங்க. அப்படி வைக்கிற ஆளே இல்லையே நான், எப்படி வச்சேன்னு ஆறு வருஷமா யோசிக்கிறேன்."

எனக்குப் புரிந்தது. அவர் எனக்காகப் பழியை ஏற்கவில்லை. தன் தவறு என்றே நம்பியிருக்கிறார். 'வச்சிருப்பேன்' என்றுதான் அன்று சொன்னார், 'வச்சேன்' என்று சொல்லவில்லை. நான் அந்த வாக்கியத்தில் 'நான்தான்' என்பதை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

"அன்னிக்கு என்னைத் திரும்பிப் பார்த்தீங்களே, நிமாய் தா?"

"திதிமணிக்குத் தெரிஞ்சிருக்கும், நான் வைக்கலைன்னா சொல்வாங்கன்னு பார்த்தேன்."

சமையலறை வாசலில் அவர் மனைவி மாலதி பௌதி வந்து நின்றிருந்தார். பௌதி என்றால் அண்ணி. கையில் கரண்டி. எவ்வளவு நேரமாக நின்றாரோ.

"இப்ப மருந்துக்கடையில வேலை பார்க்கிறார்" என்றார் பௌதி, என்னைப் பார்த்து, தணிந்த குரலில். "ஒவ்வொரு பாட்டிலையும் மூணு தடவை படிச்சுட்டுத்தான் அடுக்குவார். ரொம்ப மெதுவா வேலை செய்றார்னு முதலாளி திட்டுறார். வீட்ல பினாயில் பாட்டிலைக்கூட என்னைத் தொட விடமாட்டார். வருஷா வருஷம் பூஜை முடிஞ்சதும் சந்தேஷ் மிட்டாய் வாங்கிட்டு அந்தப் பொண்ணு வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்கிறார். உங்களுக்குத் தெரியுமா? எல்லாம் தெரிஞ்சுமா பேசாம இருந்தீங்க?"

மீன் கருகுகிற வாசம் வந்தது.

நான் மக்ரூன் டப்பாவை நீட்டினேன். ஏன் அந்த நேரத்தில் நீட்டினேன் என்று இன்றுவரை தெரியாது. பௌதி அதை இரண்டு விரலால் என் பக்கம் தள்ளினார். "எடுத்துட்டுப் போங்க" என்றார்.

நிமாய் தா கேட்டார், "அப்போ உங்க சாமிக்கு நன்றி சொன்னீங்களா, திதிமணி?"

கிண்டலாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

"சொன்னேன்."

"நான் என் சாமிகிட்ட மன்னிப்புக் கேட்டுட்டு இருந்தேன்" என்றார்.

வெளியே மழை வலுத்தது. அவர் எழுந்து சட்டையை மாட்டினார், குடையை எடுத்தார். "வாங்க, காளிகாட் போகலாம். அந்தப் பொண்ணுகிட்டச் சொல்லணும்."

"நான் போய்ச் சொல்லிடறேன், நிமாய் தா."

"நானும் வர்றேன். தனியாப் போனா பாதி சொல்லிட்டு வந்துடுவீங்க."

காளிகாட்டில்

பஸ்ஸில் அவர் ஆண்கள் பக்கம் நின்றார், நான் பெண்கள் பக்கம். காளிகாட்டில் கோயிலுக்குப் போகிற கூட்டத்தில் செம்பருத்தி மாலைக் கடைகளைத் தாண்டி அவர் முன்னால் போக, நான் அவருடைய கறுப்புக் குடையைப் பின்பற்றிப் போனேன். அந்த வீட்டுக்கு வழி அவருக்குத்தான் தெரியும். தெரிந்திருக்க வேண்டியது எனக்கு.

பரோமிதாவுக்கு இருபத்திரண்டு, இருபத்து மூன்று வயதிருக்கும். முழுக்கைச் சட்டை போட்டிருந்தாள். அவருக்கு, "வாங்க காகு" என்றாள். எனக்கு, "மிஸ், நீங்களா!" என்றாள், சிரித்துக்கொண்டே.

நின்றபடியே முழுவதும் சொன்னேன். போன் வந்ததை, நடந்ததை, தட்டை, விசாரணையில் வாயை மூடிக்கொண்டதை. நிமாய் தா சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஓர் இடத்தில் நான் இழுத்தபோது, "லேபிள்" என்றார். அதையும் சொன்னேன்.

பரோமிதா முதலில் அவரிடம் போனாள். "ரெண்டு வருஷம் உங்களை நான் வாசல்படி ஏற விடலையே காகு" என்றாள். குனிந்து அவர் பாதத்தைத் தொட்டாள். அவர் பதறிப் பின்னால் நகர்ந்தார். அவள் அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதாள்.

பிறகு என்னைப் பார்த்தாள். "பன்னிரண்டாவதுல என் ரெக்கார்டு நோட்டுல 'வெரி நீட்'னு எழுதினீங்க மிஸ். அதை நான் இன்னும் வச்சிருக்கேன்."

"என்னை மன்னிச்சிரு, பரோமிதா."

"இன்னிக்குக் கேட்காதீங்க" என்றாள்.

அதன் பிறகு

திங்கள்கிழமை பள்ளிக்கு எழுத்தில் கொடுத்தேன். புதிய பிரின்சிபால் இரண்டு முறை படித்தார். "இப்போ எதுக்கு இதையெல்லாம்?" என்றார். பிறகு செய்ய வேண்டியதைச் செய்தார். என்னிடமிருந்த துறைப் பொறுப்பை அன்றே வாங்கிக்கொண்டார்கள். அந்தப் பருவம் முடிந்ததும் என் வேலையும் போயிற்று. நிமாய் தாவுக்குத் தவறு அவருடையது இல்லை என்று கடிதம் கொடுத்து, லேபுக்குத் திரும்பக் கூப்பிட்டார்கள். "பாட்டில் இல்லாத இடமாக் கொடுங்க" என்று கேட்டாராம். இப்போது நூலகத்தில் இருக்கிறார்.

ஸ்தோத்திரப் பண்டிகை அன்று என் முறை வந்தபோது எழுந்து பெயரைச் சொன்னேன். நான் மூன்று கூட்டங்களில் சொன்ன சாட்சி உண்மையில் எப்படி நடந்தது என்பதையும் சொன்னேன். யாரோ ஒரு அக்கா பழக்கத்தில், "ஸ்தோத்திரம்!" என்றுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார். அந்தப் பாஸ்டர் பாட்டு எண்ணைச் சொல்ல மறந்து நின்றார். முன்வரிசைக்காரர்களில் ஒருவர் இன்றும் என்னிடம் பேசுவதில்லை. அவர் கண்ணீரை நான் ஏமாற்றி வாங்கியது உண்மைதானே.

வீட்டில் அதைவிடக் கஷ்டம். செல்வின் தன்னையும் சேர்த்து நொந்துகொண்டார். "அன்னிக்கு நான் இன்னொரு தடவை கேட்டிருக்கணும்" என்று அடிக்கடி சொன்னார். ஜெபத்தில் என் முறை வந்தால் நான் வாயே திறப்பதில்லை. மூன்று வேண்டாம், ஒன்றுகூட வரவில்லை. எதைச் சொல்லப் போனாலும் அதற்குப் பின்னால் யாராவது நின்று எனக்காக விலை கொடுத்துக்கொண்டிருக்கிறார்களோ என்று பயம். ஒரு வருடத்துக்கு மேல் அப்படியே போயிற்று. ரெனி ஒரு நாள், "மம்மிக்குப் பதிலா நான் ஆறு சொல்லட்டா?" என்று கேட்டாள். செல்வின், "வேண்டாம். அவ முறை அவளுக்கு இருக்கட்டும்" என்றார்.

இப்போது வீடு வீடாகப் போய் டியூஷன் எடுக்கிறேன். ஓரிடத்தில் உட்கார முடியாதவளுக்குப் பொருத்தமான வேலை.

போன மாதம் அப்படி ஒரு வீட்டிலிருந்து வரும்போது பாலிகஞ்சில் பஸ்ஸுக்கு நின்றிருந்தேன். பூஜைப் பந்தலுக்கு மூங்கில் நட்டுச் சாலையைப் பாதி மறித்திருந்தார்கள். அரை மணி நேரமாக ஒரு பஸ்ஸும் வரவில்லை. எதிர்ப்பக்கம் நிமாய் தா போய்க்கொண்டிருந்தார், கையில் சாப்பாட்டுப் பை. சாந்த்ராகாச்சியிலிருந்து வந்த அந்த நாளுக்குப் பிறகு எங்களுக்குள் பேச்சு இல்லை. நான் பார்வையைத் தாழ்த்திக்கொண்டேன்.

அவர் என்னைத் தாண்டிப் போனார். நின்றார். இரண்டு எட்டு திரும்பி வந்தார்.

"பஸ் இங்க நிக்காது!" என்று வண்டிகளின் சத்தத்துக்கு மேல் கத்தினார். "பந்தல் வேலை. மிட்டாய்க்கடை தாண்டி நிக்குது, அங்க போங்க!"

சிரிக்கவில்லை. பதிலுக்கும் நிற்கவில்லை. போய்விட்டார்.

நான் மூங்கில்களுக்கு ஊடே குனிந்து ஓடினேன். பஸ் கிளம்பிக்கொண்டிருந்தது. நடத்துநர் கையைப் பிடித்து ஏற்றிவிட்டார்.

அன்று சாயங்காலம் விளக்குப் போட்டதும் செல்வின் மூன்று சொன்னார். ரெனி மூன்று சொன்னாள். வழக்கம்போல என் முறையில் கொஞ்ச நேரம் காத்திருந்துவிட்டு அவர் ஆமென் சொல்ல வாயெடுத்தார்.

"இருங்க" என்றேன்.

இருவரும் கண்ணைத் திறந்து பார்த்தார்கள்.

"இன்னிக்கு நிமாய் தா, பஸ் எங்க நிக்குதுன்னு சொன்னார். பஸ் கிடைச்சுது. ஸ்தோத்திரம்."

செல்வின் கொஞ்சம் பொறுத்துப் பார்த்தார். "இன்னும் ரெண்டு இருக்கே?"

"இன்னிக்கு அவ்வளவுதாங்க" என்றேன்.